எஞ்சினை மாற்று மாப்ள, வண்டியை மாற்றாதே!



கொஞ்சம் நீளமான பதிவு. முப்பத்து நான்கு வருடம் உங்களுக்கு இயற்பியல் நடத்தியவன், நாற்பத்தைந்து நிமிடத்துக்குக் குறைவாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் எங்கள் அக்கா வீட்டுக் கார் பற்றியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக இதுதான் சண்டை. "மாமா பழைய காலத்து ஆள், அவருக்கு இதெல்லாம் புரியாது" என்று என் மருமகப் பிள்ளைகள் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். புரிகிறதா இல்லையா என்று பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். என்னிடம் படித்தவர்களில் எத்தனையோ பேர் இன்று மெக்கானிக், இன்ஜினியர், லாரி முதலாளி. நான் சொல்வது தவறென்றால் நீங்களே திருத்துங்கள்.

அத்தான் 1990-இல் வாங்கியது அந்த கான்டெஸா. அப்போது நாமெல்லாம் மதுரை மாவட்டம், அதனால் வண்டி எண்ணும் டி.என். 59. மாங்காய் கமிஷன் கடையில் இரண்டு நல்ல சீசன் லாபம் பார்த்த கையோடு வாங்கினார். தென்கரையில் அந்த வண்டி திரும்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். நம் குடும்பத்தில் நான்கு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான் நடந்தது. அத்தான் போன பிறகு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் நின்றது. போன வருடம் யாரோ ஆசைப்பட்டு எடுத்து, ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் தேனி வரை ஓட்டியதில் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் போச்சு, பிளாக்கில் விரிசல். யார் ஓட்டியது என்று எழுத மாட்டேன். அவனுக்கே தெரியும்.

இப்போது மாற்று எஞ்சின் போட வேண்டும். என் மருமகன் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். பணத்துக்குக் குறைவில்லை. அவன் சொல்வது: "மாமா, கான்டெஸாதான் இந்தியாவோட மசில் கார். அதுக்கு டொயோட்டா சுப்ராவோட மூணு லிட்டர் எஞ்சினைப் போட்டா எப்படி இருக்கும் தெரியுமா?" கூடவே கேரளாவில் யாரோ செய்த வீடியோ ஒன்று. வண்டி உறுமுகிறது, பின் டயர் புகைகிறது, சுற்றி நிற்கும் பையன்கள் விசில் அடிக்கிறார்கள். குழுவில் பதினொரு பேர் நெருப்புப் படம் போட்டு ஆதரவு தெரிவித்திருக்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வேண்டாத வேலை. ஆபத்தான வேலை. அத்தானின் காரைப் புதுப்பிப்பதாகச் சொல்லிக்கொண்டு அதை இல்லாமல் செய்கிற வேலை.

முதலில் இந்த "மசில் கார்" பட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்ததாகப் பலரும் சொல்வது 1964-இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. நடுத்தர அளவுக் காரில் 389 கன அங்குல வி-8 எஞ்சினை, அதாவது 6.4 லிட்டர் எஞ்சினை, வைத்து விற்றார்கள். சாதாரண உடம்பு, அசுர எஞ்சின். அதுதான் மசில் கார்.

நம் கான்டெஸா என்ன? பிரிட்டனில் 1970-களில் ஓடிய வாக்ஸ்ஹால் விக்டர் காரின் வார்ப்புகளை வாங்கி, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கொண்டுவந்த வண்டி. நீண்ட பானெட், அகலமான முகம். பார்த்தால் அமெரிக்க வண்டி மாதிரி இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். உள்ளே இருந்தது அம்பாசிடரின் அதே 1489 சி.சி. எஞ்சின். ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பயில்வான் சட்டை போட்ட கணக்குப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்டெஸா என்ற இத்தாலியச் சொல்லுக்கு அர்த்தமே பிரபு வீட்டுச் சீமாட்டி என்பதுதான். சீமாட்டிக்கு எதற்குடா குஸ்தி?

மருமகன் சும்மா இருப்பானா? "வாக்ஸ்ஹால் கம்பெனியே அதே உடம்புல 3.3 லிட்டர் எஞ்சின் போட்டு வென்டோரான்னு வித்திருக்கான் மாமா" என்று ஆதாரம் காட்டினான். சரியான தகவல். தேடிப் படித்ததற்குப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கம்பெனி வரைபட மேஜையில் எடையைக் கணக்குப் போட்டு, சோதனை ஓட்டி, அதற்குப் பிறகு விற்றது. நீ வீடியோ பார்த்துவிட்டு அறுக்கப் போகிறாய். இரண்டும் ஒன்றாகுமா?

இப்போது கணக்குக்கு வருகிறேன். கரும்பலகை இல்லை, பரவாயில்லை.

"மலை ஏறப் பவர் வேணும் மாமா, அம்மாவைக் கொடைக்கானல் கூட்டிட்டுப் போகணும்ல" என்கிறான். நல்ல எண்ணம். காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் வரை வண்டி ஏற வேண்டிய உயரம் சுமார் 1,800 மீட்டர். ஆட்களோடு வண்டி எடை 1,500 கிலோ என்று வையுங்கள். எடை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 2 கோடியே 65 லட்சம் ஜூல். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. ஒன்றரை மணி நேரத்தில் ஏறினால் 5,400 விநாடி. வகுத்தால் 4,900 வாட். அதாவது ஏழு குதிரைத்திறன்கூட இல்லை!

நம்ப முடியவில்லையா? நீங்களே போட்டுப் பாருங்கள். மலையின் உயரத்துக்காக மட்டும் சராசரியாகச் செலவாகும் சக்தி அவ்வளவுதான். டயர் உராய்வு, காற்று, கியரில் போகிற இழப்பு, வளைவில் நின்று எடுப்பது எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மடங்கு வைத்தாலும் பழைய 50 குதிரை தாங்கும். அத்தான் இருபது தடவை ஏறியிருக்கிறார். வேகமாக ஏறவில்லை. டம் டம் பாறையில் நிறுத்தி, எஞ்சின் ஆறட்டும் என்று பானெட்டைத் திறந்துவிட்டு, எங்களுக்கெல்லாம் வேர்க்கடலை வாங்கித் தருவார். அந்த ரோட்டில் உன் வேகத்தைத் தீர்மானிப்பது எஞ்சின் இல்லை. வளைவும், எதிரே வருகிற பஸ்ஸும்தான். 280 குதிரையை வைத்துக்கொண்டு டூரிஸ்ட் வேனுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்வதற்கா இவ்வளவு செலவு?

அடுத்து இறக்கம். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே பயம்.

ஏறும்போது சேர்த்த அந்த 2 கோடியே 65 லட்சம் ஜூலும் இறங்கும்போது எங்கேயாவது போயாக வேண்டும். ஆற்றல் அழியாது என்று எத்தனை தடவை எழுத வைத்திருக்கிறேன்! அது சூடாக மாறும். எவ்வளவு சூடு? 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற அளவு. கல்யாண வீட்டில் பெரிய அண்டா நிறைய வெந்நீர் வைக்கிற சூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக் லைனிங்கின் தலையில். கனமான எஞ்சினைப் போட்டால் எடை கூடும். சக்தி கையில் இருந்தால் வேகம் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. ஆனால் பிரேக் அதே பிரேக்.

அமெரிக்காக்காரனும் இதே பாடத்தைத்தான் படித்தான். அந்த 1964 ஜி.டி.ஓ.வுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஓடத் தெரிந்த அளவுக்கு நிற்கத் தெரியாத வண்டி என்று அந்தக் காலத்து மசில் கார்களுக்கே ஒரு கெட்ட பெயர் உண்டு. அங்கே நேர் ரோடு, தப்பித்தான். இங்கே ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். போடிமெட்டுக்கு மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்பில் முன் பெஞ்சில் ஒரு பையன். அவன் அப்பா ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய் வருகிறவர். அந்த ஜீப்பில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, எங்கோ கிடைத்த கனமான டீசல் எஞ்சினைப் போட்டிருந்தார்கள். டீசல் மிச்சம், இழுவையும் நன்றாக இருந்தது. ஆட்களையும் கூடுதலாக ஏற்றினார்கள். பிரேக்கை யாரும் தொடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் அந்தப் பையன் மொட்டைத் தலையோடு வந்து அதே முன் பெஞ்சில் உட்கார்ந்தான். அன்றைக்கு எனக்குப் பாடம் நடத்த வாய் வரவில்லை. வேகமும் ஆற்றலும் என்ற பாடத்தை அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நடத்தும்போது அவன் முகம் வரும். நீங்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள், "அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் ஏன் சார் இப்படிக் கத்துறீங்க" என்று. காரணம் இதுதான்.

ஜீப்புக்கு எஞ்சின் மாற்றிய நம் கம்பம் பள்ளத்தாக்கு மெக்கானிக்குகளை நான் குறை சொல்லவில்லை. அது வயிற்றுப்பாடு. பெட்ரோல் விலையில் அந்த வண்டியை ஓட்டினால் கூலி மிஞ்சாது. இன்னொன்றும் இருக்கிறது. ஜீப்புக்கு அடியில் ஏணி மாதிரி தனிச் சேஸிஸ் உண்டு, எஞ்சின் அதன்மேல் உட்காரும். கான்டெஸாவுக்கு அப்படித் தனிச் சேஸிஸ் கிடையாது. உடம்பே சேஸிஸ். நீளமான ஆறு சிலிண்டர் எஞ்சினையும் அதன் கியர் பாக்ஸையும் உள்ளே நுழைக்க முன் தகரத்தையும் நடுச் சுரங்கத்தையும் அறுத்தால், நீ அறுப்பது வண்டியின் முதுகெலும்பை. ஜீப்பில் நடந்தது இதிலும் நடக்கும் என்று நினைப்பது தப்புக் கணக்கு.

"அப்ப பிரேக்கையும் மாத்திருவோம் மாமா" என்றான். சரி, மாற்று. பெரிய பிரேக்குக்குப் பெரிய சக்கரம் வேண்டும். அந்த இழுவைக்குப் பழைய ஹவுசிங் தாங்காது, அதையும் மாற்று. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மாற்று. ரேடியேட்டர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், வயரிங் எல்லாம் மாற்று. கடைசியில் அத்தான் காரில் என்ன மிஞ்சும்? நான்கு கதவும் ஒரு பெயர்ப்பலகையும். அதற்கு ஏண்டா அந்தக் கார்? பெங்களூரிலேயே வேகமான புது வண்டி ஒன்று வாங்கி ஓட்டிக்கொள். காற்றுப் பையும் நல்ல பிரேக்கும் சேர்ந்தே வரும். நான் வந்து எலுமிச்சம்பழம் வைத்து வாழ்த்துகிறேன்.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரித்தவர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேஸ், பேட்டரி போன்ற எரிபொருள் மாற்றத்துக்கு நிபந்தனையோடு ஒரு வழி விட்டிருக்கிறார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்துத் தீர்ப்புச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் இப்படி மாற்றுகிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்திருக்கிறது. "எல்லாரும் பண்றாங்க மாமா" என்பது பரீட்சையில் பிட் அடித்துப் பிடிபட்டவன் சொல்கிற பதில். எனக்கு அது செல்லாது என்று உங்களுக்குத் தெரியும். அபராதத்தைக் கட்டிவிடலாம். ஆர்.சி.யில் இல்லாத எஞ்சினோடு ஒருவர்மேல் மோதிவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனி வாசலில் போய் நின்றால் என்ன சொல்வார்கள் என்று யோசி.

இன்னொரு கணக்கு. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் முடிந்திருக்க வேண்டும். உடம்பிலும் சேஸிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். அத்தான் காருக்கு அந்த வயது 2040-இல் வரும். நான் இருக்க மாட்டேன். நீ இருப்பாய், உன் மகள் இருப்பாள். அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு தகுதியை இன்று உன் விசிலுக்காக அறுத்துப் போடாதே. அமெரிக்காவிலேயே பழைய மசில் காரில் முதலில் வந்த எஞ்சினும் சேஸிஸும் எண் பொருந்தி இருந்தால்தான் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். நீ யாரைப் பார்த்து ஆசைப்படுகிறாயோ அவனே மூல எஞ்சினைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான்.

குறை மட்டும் சொல்லி எழுந்து போகிற ஆள் நான் இல்லை. வடகரையில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவரைக் கூட்டிப் போய் வண்டியைக் காட்டினேன். இரண்டு மணி நேரம் அடியில் படுத்துப் பார்த்தார். அவரும் நானும் பேசி வந்த முடிவை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வழி, இருக்கிற எஞ்சினையே காப்பாற்றுவது. பிளாக் வார்ப்பிரும்பு. விரிசல் சிலிண்டருக்குள் ஓடாமல் வெளிப்பக்கத் தண்ணீர் அறையில் மட்டும் இருந்தால், வெல்டிங் வைக்காமல் உலோகத் தையல் போட்டு அடைக்கலாம். அப்புறம் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், புது பேரிங். இதில் எஞ்சின் எண் மாறாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போக வேண்டாம்.

இரண்டாவது வழி, பிளாக் தேறாவிட்டால் அதே 1489 சி.சி. பிளாக். அம்பாசிடரில் ஓடியதும் இதே எஞ்சின்தான் என்பதால் தேடினால் கிடைக்கும். பில்லோடு வாங்க வேண்டும். எண் மாறுவதால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது வழி, 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சினும் அதன் ஐந்து கியர் பாக்ஸும். பிந்தைய கான்டெஸாக்களில் கம்பெனியே போட்ட ஜோடி இது. 50 குதிரை இந்த உடம்புக்குப் போதவில்லை என்பது கம்பெனிக்கே தெரிந்திருந்தது. நானும் ஒத்துக்கொள்கிறேன், பழைய எஞ்சின் நான்கு வழிச் சாலையில் திணறத்தான் செய்யும். 80 குதிரைக்கு மேல் தருகிற இசுசு இந்த வண்டிக்கு நியாயமான எஞ்சின். தகரத்தை அறுக்க வேண்டாம். ஆனால் நம் வண்டி 1489 என்று பதிவானது. ஆர்.டி.ஓ. எழுத்தில் சம்மதம் கொடுத்தால் மட்டுமே இதைத் தொட வேண்டும். கொடுக்காவிட்டால் மூடிக்கொண்டு இரண்டாவது வழிக்குத் திரும்ப வேண்டும்.

இசுசு 2 லிட்டர் டீசல் போடலாமே என்று சின்ன மச்சான் கேட்டார். மாதம் இரண்டு தடவை ஓடப் போகிற காருக்கு டீசல் மிச்சம் பிடித்து எந்தக் கோட்டை கட்டப் போகிறோம்?

என் ஓட்டு முதல் வழிக்கு. முடியாவிட்டால் இரண்டாவது. எதைச் செய்தாலும் மூன்று வேலையை விட்டுவிடக் கூடாது. ஒன்று, அந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் வடிவமைத்தது. 2000-லேயே ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது, அதனால் ஹெட்டைக் கழற்றியதோடு கடினமான வால்வு சீட் போட்டுவிட வேண்டும். இரண்டு, இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் கார்ப்பரேட்டர் வாஷரும் அதற்குத் தாங்காது. மொத்தமாக மாற்றாவிட்டால் ஒழுகித் தீப்பிடிக்கும். மூன்று, எஞ்சினில் கை வைக்கும் முன் பிரேக்கை முழுசாகப் புதுப்பிக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், லைனிங் எல்லாம். நிற்கத் தெரிந்த பிறகுதான் ஓடப் பழக வேண்டும்.

இந்த வண்டி வழியில் நின்றால் தேவதானப்பட்டியிலும் கை இருக்கிறது, போடியிலும் கை இருக்கிறது. காது வைத்துக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் ஒரு சிலர் மிச்சம். உன் ஜப்பான் எஞ்சின் சில்வர் கேஸ்கேட் பக்கத்தில் நின்றால், லேப்டாப் வைத்திருக்கும் ஆள் கொச்சியிலிருந்து வரும்வரை உன் அம்மாவை எங்கே உட்கார வைப்பாய்?

ஆமாம், அம்மாவைப் பற்றி. இத்தனை பேர் பத்து நாள் சண்டை போட்டோமே, அக்காவிடம் யாராவது கேட்டோமா? நேற்று நான் கேட்டேன். எழுபத்து நான்கு வயது, முழங்கால் வலி. தாழ்வாரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. "எந்த எஞ்சினோ போடுங்கடா தம்பி. அவுக ஓட்டுற மாதிரி மெதுவாப் போகணும். குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கு ஒரு தடவை முன் சீட்டுல உக்காந்து போயிட்டு வந்துரணும். அந்தச் சத்தம் கேட்டாப் போதும்" என்றது.

மாப்ள, உன் மூன்று லிட்டர் எஞ்சினில் எல்லாம் இருக்கலாம். அந்தச் சத்தம் இருக்காது.

உன் மேல் எனக்குக் கோபமில்லை. அப்பா காரைக் காயலான் கடைக்குப் போடாமல் காப்பாற்ற நினைத்தாயே, அதற்கே உன்னை மெச்சுகிறேன். அந்தப் பணத்தில் கால்வாசி போதும், வடகரைப் பட்டறையில் வேலை முடிந்துவிடும். தை மாதம் லீவு போட்டு வா. நீ ஓட்டு, அக்கா முன் சீட்டில் உட்காரட்டும், நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். டம் டம் பாறையில் நிறுத்தி வேர்க்கடலை நான் வாங்கித் தருகிறேன்.

மாணவச் செல்வங்களே, கணக்கில் தப்பிருந்தால் தயங்காமல் எழுதுங்கள். மெக்கானிக் மாணவர்கள் யாரிடமாவது பில்லோடு நல்ல 1489 பிளாக் இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். அந்த வீடியோவை மட்டும் தயவுசெய்து யாரும் எனக்கு மறுபடி அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்
தென்கரை, பெரியகுளம்